உன் அப்பா நடத்தும் பள்ளிக்கூடம்

உறையூர்,
14-8-58

சிரஞ்சீவி ரெங்கராஜுக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. வெக்காளியம்மன் புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, சாப்பாடு தூக்கம் எல்லாம் நடக்கிறது, உன் அப்பாவுக்குப் புத்தி ஒன்றுதான் சரியில்லை. பம்பாயில் மழை விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஈரச் சட்டையோடு வேலைக்குப் போகாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

ஜூன் மாதம் நீ போட்ட கடிதத்தில் உன் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடமே போவதில்லை, வீட்டிலேயே பாடம் நடக்கிறது என்று எழுதினாயே, அதை உன்னை யார் எழுதச் சொன்னது? உன் தம்பி அழகர்சாமிக்குக் கணக்கு வரவில்லை, வீட்டில் கொஞ்சம் பாருங்கள் என்று சவரிநாதன் வாத்தியார் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார் என்று உன் அப்பா ஏற்கெனவே குதித்துக்கொண்டிருந்தார். உன் கடிதம் வந்ததோ இல்லையோ, தெருவுக்கே படித்துக் காட்டிவிட்டு மறுநாளே அவனையும் உன் தங்கையையும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். அவனை நிறுத்தினால் தொலைகிறது, மயிலம்மாள் என்ன செய்தாள், எட்டாம் வகுப்பு, மார்ச்சில் சர்க்கார் பரீட்சை, அவள் மேல் யாரும் ஒரு குறை சொன்னதில்லையே என்று கேட்டேன். ஒரு வீட்டுப் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் படிக்க வேண்டுமாம். தொழிலும் வீட்டில், பாடமும் வீட்டில், இரண்டையும் இவர் ஒருவரே பார்த்துக்கொள்வாராம். ஐந்தாவது தாண்டாத மனுஷர், எட்டாவதுக்குப் பாடம் சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் லட்சணத்தைக் கேள். கூடத்தில் இவர் ஒரு கையால் சாணைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மறு கையால் குச்சியில் ஒட்டிய நகைக் கல்லைப் பட்டை தீட்டுவார், பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து பாடம் ஒப்பிக்க வேண்டும். அந்தச் சக்கரம் போடுகிற சத்தத்தில் அடுப்படியில் நான் பேசுவது எனக்கே கேட்காது, இவருக்கு என்ன கேட்கும்? சத்தமாகச் சொல்லு, சத்தமாகச் சொல்லு என்பதுதான் இவர் இதுவரை சொல்லிக்கொடுத்த பாடம். உரக்கச் சொன்னால் சரி, மெதுவாகச் சொன்னால் தப்பு. ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று உன் தம்பி அடித்தொண்டையில் கத்துகிறான், இவர் தலையை ஆட்டுகிறார். அந்தப் பயல் ஆளைச் சீக்கிரமே எடைபோட்டுவிட்டான். ஒரு நாள் பூகோளம் என்று சொல்லி மலைக்கோட்டையிலிருந்து சமயபுரம் வரைக்கும் பஸ் நிற்கிற இடமெல்லாம் வரிசையாகக் கத்தினான், நடுவில் எதிர்வீட்டு ஆண்டியின் பெயரையும் சேர்த்துக்கொண்டான். உன் அப்பா கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் பேஷ் பேஷ் என்றார்.

சரி, படிப்புதான் இப்படி, தொழிலாவது உருப்படியாக நடக்கிறதா என்றால் அதுவும் இல்லை. கல் வாங்க வந்த காஜா மைதீன் பாய் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், பட்டை ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒடுக்கம். மரியாதைப்பட்டவர், இவரிடம் ஒன்றும் சொல்லாமல், அண்ணனுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டதா என்று என்னிடம் கேட்டார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, பாய் போன பிறகு பிள்ளைகளால்தான் தொழில் கெட்டது என்று உன் அப்பா கண்ணை நன்றாக உருட்டினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. மயிலு விஷயம் அப்படி இல்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அவள் எவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள் என்று உனக்குத் தெரியும். அவள் மனதுக்குள் படித்தால் தூங்குகிறாள் என்கிறார், அதனால் அவளும் சரித்திரம் முழுவதையும் கத்திக் கத்தியே படித்தாள். காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் கூட்டி வந்தால் சேர்த்துக்கொள்கிறேன், அப்புறம் என்னால் முடியாது என்று பெரிய டீச்சர் ரோசரி அம்மா சொல்லியனுப்பினார்கள். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போன வாரம் அவளை அழைத்துப் போனேன். டீச்சர் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இவள் கூடத்தில் படிக்கிற மாதிரியே படித்தாள். பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுபோய்விட்டது, பிள்ளைகள் ஜன்னலில் வந்து நின்று சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "நான் பக்கத்துலதாம்மா இருக்கேன், மெதுவாப் படி" என்றார்கள். குரலை இறக்கினால் அவளுக்கு வார்த்தையே வரவில்லை. திக்கினாள், புத்தகத்தை மூடிவிட்டு நின்றாள். பரவாயில்லை, அழைத்து வாருங்கள் என்றுதான் டீச்சர் சொன்னார்கள், ஆனால் வழியெல்லாம் இவள் எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தாள். வீட்டுக்கு வந்து என்னடி என்று கேட்டதற்கு, "எனக்கு மெதுவாப் படிக்க வரலைம்மா, நான் இனிமே அங்க போகலை" என்றாள். அதையும் கத்தித்தான் சொன்னாள், அப்போது சக்கரம் ஓடக்கூட இல்லை. உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "பாத்தியா, புள்ளைக்குக் குரல் எவ்வளவு நல்லா வருது" என்றார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு இருந்த கோபமும் போய்விட்டது. கோபப்படுவதற்கும் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அவர் வெளியே போகிற நேரம் பார்த்து மயிலுவைக் கொல்லையில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறேன். எனக்குப் பாதி புரிவதில்லை, காதை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். நேற்று அரைப் பக்கம் வந்தது, அப்புறம் அழுதுவிட்டாள். திங்கட்கிழமை இரண்டு பேரையும் நான் பள்ளிக்கூடத்தில் விடப்போகிறேன். சவரிநாதன் வாத்தியார் ஜெயித்துவிடுவார் என்று உன் அப்பா உனக்கு ஒப்பாரி வைத்து எழுதுவார், நீ அதற்கு நியாயம் பேசிப் பதில் போடாதே. அவரிடம் நான் உத்தரவு கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ராத்திரி மோர் வேண்டாம். முதலாளி வீட்டுப் பெருமையை இனிமேல் எழுதாதே, உன் உடம்பைப் பற்றி எழுது. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், உன் தங்கைக்காகவும் ஒரு நிமிஷம் சாமியைக் கும்பிட்டுக்கொள். சிரிக்கிற பிள்ளைகள் சிரிக்கட்டும், அவள் கத்தியே படித்தாலும் சரி, பரீட்சை முடிகிற வரைக்கும் நான் தினமும் அந்த ஜன்னல் ஓரம் போய் நிற்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
வீராயி