ஓடாத டிராக்டரை நான் ஓட்டிய கதை

மாப்பிள்ளை,

சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உங்கள் பையை என் தங்கச்சி நேற்றுதான் பிரித்தாள். நாலு மாதமாக பீரோவுக்கு மேலேயே கிடந்த பை. லுங்கி, சீப்பு, எக்ஸ்ரே, எல்லாவற்றுக்கும் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரிக்கும் முன்பே டீசல் வாசனை வந்துவிட்டது. "அண்ணா, இது உங்க ரெண்டு பேரு சாமானா பாருங்க" என்று நீட்டினாள். விரல் நீளத்தில் மூன்று நாசில்கள், புதுசு போலச் சுத்தம் செய்தவை.

எஞ்சினுக்குள் டீசலைத் தூறலாகப் பீய்ச்சுவது இவைதான். இவை இல்லாவிட்டால் எஞ்சின் தும்மக்கூடத் தும்மாது. அது உங்களுக்குத் தெரியாதா என்ன.

அரூர் பழைய இரும்புக் கடையில் நாம் முதலில் பார்த்தபோது அது டிராக்டராகவே இல்லை. பானெட்டுக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் ஊருக்குள் சொன்னபோது அது மயிலானது, மறுவாரம் மலைப்பாம்பானது. லாரியிலிருந்து இறக்கியதும் தங்கச்சி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு சென்ட் நெலம் இல்ல. எதை உழப்போறீங்க?"

"உன் வூட்டு வாசலைத்தான்" என்றேன். நீங்கள் டப்பாவில் மண்ணெண்ணெய் ஊற்றி முதல் போல்ட்டை ஊறப்போட்டீர்கள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் பாப்பாரப்பட்டியில் உங்கள் வீட்டுப் பின்னால் அந்தத் தகர ஷெட்தான் நம் ராஜ்ஜியம். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ரிட்டயரான நீங்கள் தலைமைப் பொறியாளர். ஜவுளிக்கடையில் துணி கிழித்த நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் முதலமைச்சர். பார்க்க வருகிறவர்களிடம், "இந்த ஒரு நட்டைக் கழட்ட நாப்பது நாளு ஆச்சுங்க" என்பேன். வண்டிக்கு அடியிலிருந்து உங்கள் குரல் வரும்: "நாலு நாளுங்க. மச்சான் எது சொன்னாலும் பத்தால வகுத்துக்கங்க."

அப்படி வகுத்துக்கொண்டே இருந்த மனிதர் ஒருநாள் சேலம் பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சேலத்தில் ஒரு வேலை என்று மட்டும் வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள், பேசவே மூச்சு வாங்கியபோது, "வண்டி என்ன ஆச்சு மச்சான்?" என்றீர்கள். நான் ஷெட் பக்கம் எட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா.

"ஓடிருச்சு மாப்ளே. நேத்து செல்ஃப் அடிச்சேன், ஒரே அடி. சத்தத்துல அதியமான்கோட்டைக்காரனுங்க எல்லாம் பூகம்பம்னு வெளிய வந்துட்டானுங்க. ஹைவேல லாரி பூரா ஓரங்கட்டி நின்னுச்சு."

"எவ்ளோ நேரம் ஓடுச்சு?"

"ரெண்டு மணி நேரம்."

"புகை?"

"மொதல்ல வெள்ளை. அப்புறம் புகையே இல்ல."

"நல்லா பண்ணியிருக்கீங்க மச்சான்" என்றீர்கள். எதையும் வகுக்கவில்லை. அதனால் நம்பிவிட்டீர்கள் என்றே நினைத்தேன். அந்தப் பை அப்போது கட்டிலுக்கு அடியில் என் காலில் இடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்தபோது நீங்கள் இல்லை.

காரியம் முடிந்து ஷெட்டைத் திறந்தபோதுதான் எஞ்சினில் நாசில் இருக்கவேண்டிய மூன்று துளைகளிலும் துணி அடைத்திருப்பதைப் பார்த்தேன். சுத்தம் பண்ணக் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்டிருப்பீர்கள் என்று சேலத்தில் கடை கடையாக ஏறி இறங்கினேன். கிடைக்கவில்லை. போகட்டும், கடைசியில் ஒரு நல்ல பொய்யாவது சொல்லி அனுப்பினோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். நேற்று அதுவும் போயிற்று. வண்டியின் உயிரைப் பையில் வைத்துக்கொண்டுதான் என்னிடம் புகையின் நிறம் கேட்டிருக்கிறீர்கள். இருந்ததே கொஞ்சம் மூச்சு. அதை என் பொய்க்கு ஏன் மாப்பிள்ளை செலவழித்தீர்கள்?

இன்று காலை நாசில்களைப் பொருத்தினேன். டீசல் குழாயில் அடைத்த காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். தங்கச்சி சேலையைச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி செல்ஃப் அடித்தாள். நான் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி இறுக்கினேன். இருமி இருமி, ஏழாவது தடவை பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்கக் கறுப்புப் புகை. சத்தம் தெருமுனையைத் தாண்டியிருக்காது.

"அன்னிக்கும் இப்படித்தான் ஓடுச்சா அண்ணா?" சத்தத்தை மீறி அவள் கேட்டாள். "நீங்க சொல்லிட்டுப் போன பொறவு வந்த நர்சுங்ககிட்ட எல்லாம் அவரு அதையேதான் சொன்னாரு. எங்க மச்சான் வண்டிய ஓட்டிட்டாரு, சத்தம் அதியமான்கோட்டை வரைக்கும் கேட்டுச்சாம்னு."

ஆமாம் என்று சொல்ல வாய் திறந்தது. "இல்லம்மா. இன்னிக்குத்தான் மொதல் தடவ" என்றுதான் வந்தது.

வண்டியை நிறுத்தும் குமிழில் அவள் கை இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, "டீசல் தீர்ற வரைக்கும் ஓடட்டும்" என்றாள்.

தீர்ந்து, தானாக நின்றது. அவள் சீட்டிலிருந்து இறங்கவில்லை. நான் டயரில் சாய்ந்தபடி, நர்சிடம் எப்படிச் சொன்னார், எந்தக் குரலில் சொன்னார், சிரித்தாரா என்று கேட்டேன். சொன்னாள். இன்னொரு தடவை கேட்டேன். அதற்கும் சொன்னாள்.