குளிர் அறையில் இல்லாத பாட்டில்

மார்ச் 4
குருவி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்குள் ஆய்வகம் முழுக்க அவள் புராணம்தான். ஓயாமல் கீச்கீச்சென்று பேசுகிறாளே என்று நான்தான் கிண்டலாக அந்தப் பேரை வைத்தேன். அதையும் செல்லப் பேராக்கிவிட்டார்கள். இன்று டீ குடிக்கும்போது பேராசிரியர் என் எதிரிலேயே, "இவளுக்கு ராசியான கை" என்றார். நாலு வருஷமாக இங்கே உழைக்கிற என் கை என்ன கையாம்?

மார்ச் 7
எழுதியே தீர வேண்டும், மனசு ஆறவில்லை. எங்கள் கிருமி புண்ணில் சீழ் பிடிக்க வைப்பது. உடம்பின் வெள்ளை அணுக்கள் அதன்மேல் பெராக்சைடைக் கொட்டிக் கொல்லப் பார்க்கும். கிருமிகளோ ஒரு ரசாயனத்தைக் கசியவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். கூட்டம் சேர்ந்தது தெரிந்ததும் எல்லாமாகப் பெராக்சைடை உடைக்கும் நொதியைச் சுரந்து பிழைத்துக்கொள்ளும். பேசுவதற்கான மரபணுவை வெட்டி, கிருமியை ஊமையாக்கியது நான். நான்! ஊமை பெராக்சைடில் செத்துவிடும்.

குருவி என்ன செய்தாள்? பேசுகிற கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி ஊமைக்கு ஊற்றினாள். அந்த நீரில் கசிந்திருந்த ரசாயனம் பட்டு ஊமையும் நொதி சுரந்து பிழைத்துக்கொண்டது. அவ்வளவுதான். அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல். சே, இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

அடுத்த மாதம் மாநாடு. மேடையில் எங்களில் ஒருவருக்குத்தான் இடம். "யாரோட முடிவு நிக்குதோ அவங்க பேசட்டும்" என்றார் பேராசிரியர்.

மார்ச் 11
புது பெராக்சைடு பாட்டில் வந்தது. ஒன்றே ஒன்று. குளிர் அறையில் வைக்க வேண்டியது. என் டிராயரில் வைத்துப் பூட்டினேன். கொஞ்ச நாள் காத்துக் கிடக்கட்டுமே மகாராணி!

மார்ச் 12
பக்கத்து ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். சிரித்துக்கொண்டே. வயிறு எரிகிறது.

மார்ச் 20
பெராக்சைடு ஊற்றியும் என் ஊமை சாகவில்லை! திரும்பவும் செய்து பார்த்தேன், தட்டு நிறையப் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கிறது. அப்படியென்றால் பிழைக்கப் பேச்சும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். குருவியின் கதை அம்பேல். இன்றைய கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. வீட்டுக்கு வந்து பாட்டே பாடினேன். "யாரு குடியக் கெடுத்துட்டு வந்த?" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 24
குருவி என் மேசைக்கு வந்தாள். "அக்கா, எனக்கு எப்பவும் ஊமை செத்துடுது. உங்களுக்கு மட்டும் ஏன் பிழைக்குது? உங்க பெராக்சைடு எங்க இருக்கு?"

"ஏன், திருடிட்டேன்னு சொல்றியா?" கத்திவிட்டேன்.

"ஐயோ, இல்லக்கா. சூடு பட்டா அது வெறும் தண்ணியா ஆயிடும்ல, அதான் கேட்டேன்."

அவள் போனதும் டிராயருக்குள் கையை விட்டேன். வெதுவெதுவென்று இருந்தது. பக்கத்திலேயே கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி. அவசரத்தில் மூடியைக்கூடப் பாதிதான் திருகியிருக்கிறேன். கடவுளே. நாலு வருஷமா இதே மேசைல உக்கார்றேன், இது தெரியாதா எனக்கு?

மார்ச் 25
பாட்டிலின் வீரியத்தை அளந்தேன். ஒன்றும் மிச்சமில்லை.

சொல்லாமல் விட்டால்? அவள் பேராசிரியரிடம் போட்டுக் கொடுத்திருப்பாளோ? இல்லை போலிருக்கிறது. அதுதான் இன்னும் எரிகிறது. கெட்டிக்காரியாக இருந்து தொலைக்கட்டும், நல்லவளாகவும் இருக்க வேண்டுமா?

மார்ச் 27
கூட்டம். "உன் பேச்ச இப்போதைக்கு நிறுத்தி வைப்போம்மா, அக்காவோட முடிவு வேற மாதிரி இருக்கு" என்று பேராசிரியர் குருவியிடம் சொன்னார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஒரு கீச்சுகூட இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும்தானே? எழுந்து நின்றுவிட்டேன்.

"சார், என் முடிவு தப்பு. பாட்டில் டிராயர்ல கெட்டுப்போச்சு. இவளுக்குக் கிடைக்கக் கூடாதுன்னு நான்தான் ஒளிச்சு வச்சேன்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மானம் போயிற்று.

மார்ச் 30
ஆய்வகத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9
குருவி மாநாட்டுக்குப் போயிருக்கிறாள். கடைசியாக ஒருமுறை சோதனையைச் செய்து பார்க்க ஆள் வேண்டியிருந்தது. "அக்கா செஞ்சாத்தான் எனக்கு நம்பிக்கை" என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். திமிரைப் பார்.

குளிர் அறையிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்து நேற்றே செய்தேன். இன்று தட்டுகளைத் திறந்தேன். ஊமை முழுக்கச் செத்திருந்தது. அவளுடைய வடிநீர் ஊற்றிய ஊமை தட்டு நிறைய.

பொறாமை போய்விட்டதா? எங்கே! மேடையில் அவள் நிற்பதை நினைத்தால் இப்போதும் சுருக்கென்கிறது. ஆனாலும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "ஊமை செத்துப்போச்சுடி. நாளைக்குத் தைரியமாப் பேசு" என்றேன். அந்தப் பக்கம் கீச்கீச்சென்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. நானும் போனை வைக்கவில்லை.