மடிப்புக் கலையாத கைலி

பினாங்கு, 1934

அன்புள்ளவளுக்கு, ஸலாம்.

உன் அண்ணனுக்கென்று நீ அனுப்பிய கைலி வந்து சேர்ந்தது. அவர் ஏன் பதில் போடவில்லை என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன்.

எங்கள் மீட்புப் படகில் எப்போதும் ஒரு காய்ந்த கைலி இருக்கும். கடலில் விழுந்தவரைத் தூக்கியதும் கட்டிவிடுவதற்கு. உன் அண்ணன் செய்த ஏற்பாடு அது. போன மாதம் மூன்று முறை, யாரோ துடுப்பில் துணியைக் கட்டி ஆட்டி உதவி கேட்டார்கள். பதறிக்கொண்டு போனால், சவாரிப் படகில் சில இளவட்டங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"சும்மாதான்லா, வர்றீங்களான்னு பாத்தோம்!"

மூன்று முறையும் கைலி மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது. எனக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருந்தது. உன் அண்ணன் கைலியை எடுத்து, நனையாதபடி மறுபடியும் அதன் இடத்தில் வைத்தார்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை பலத்த காற்று. மறுபடியும் துணி ஆடியது.

"இதுவும் பொய்தான் மச்சான், விடுங்க" என்றேன்.

"நெசமா இருந்துட்டா?" என்று கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

பொய்தான். திரும்பும் வழியில் ஓர் அலை அவரைக் கடலுக்குள் தள்ளிவிட்டது. நெடுநேரம் தேடித்தான் தூக்கினேன். அந்தக் கைலியை அவருக்கே சுற்றினேன். கைகால்களைத் தேய்த்தபடியே கரைவரை வந்தேன். உடம்பில் சூடு ஏறவே இல்லை.

நீ அனுப்பியதைப் படகில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இதோ, தூரத்தில் ஒரு துணி ஆடுகிறது. போய்வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்