மூடக் காட்டவேண்டிய இரண்டாவது ஆள்

அக்கா,

இன்று காலை காஸ் குழாய் மாற்றினேன். புது ரப்பர் வாசம் இன்னும் குசினியை விட்டுப் போகவில்லை. கடுகு தாளித்தும் பார்த்தேன். அதுதான் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் நாம் வாடகைக்கு இருந்த மேல்வீடு. சண்டைக் காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உங்களுக்குக் கொழும்பில் தங்கப் பொலிஸ் பதிவு கிடைக்கவில்லை. யாராவது கண்டால் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று யன்னலைக்கூடத் திறக்கவிடமாட்டேன். அந்த நேரம் பார்த்துக் காஸ் கசிந்தது. நான் லைட்டைப் போடப் போக, நீங்கள் என் கையைத் தட்டிவிட்டு, சிலிண்டரை மூடி, யன்னல்களையெல்லாம் அகலத் திறந்தீர்கள்.

கீழ்க்கடைக்காரர் டேப் சுற்றித் தருகிறேன் என்றார். தெரிந்தவர், வெளியே சொல்லமாட்டார். எனக்கு அது போதும். நீங்கள்தான் விடவில்லை.

"பொலிஸ் பிடிச்சா ஆரையாவது கெஞ்சி வெளியில வரலாம். நெருப்பை ஆரடி கெஞ்சிறது? லைசென்ஸ் உள்ள ஆளைக் கூப்பிடு."

வந்தவர் சிங்களவர். நீங்கள் குளியலறைக்குள் ஒளிந்திருந்தீர்கள். அவர் இணைப்பில் சவர்க்கார நுரை பூச, குமிழி குமிழியாகக் கிளம்பியது. புதுக் குழாய் போட்டு, மறுபடி நுரை பூசிப் பார்த்து, வால்வை மூடக் காட்டித் தந்தார்.

"வீட்ல வேற யாரு இருக்கு?"

"நான் தனிய."

அவர் கண் மேசையிலிருந்த இரண்டு தேநீர்க் கோப்பைகளில் போய் நின்றது.

"சரி. மத்த ஆளுக்கும் மூடக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பிறகு ஒருவரும் நம்மைத் தேடி வரவில்லை. நீங்கள் வெளியே வந்து, "உனக்கு ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாது" என்று சிரித்தீர்கள்.

நீங்கள் இறந்து ஒரு வருடமாகப் போகிறது. வீடு பெரிதாகிவிட்டது, பிடிக்கவில்லை. படுக்கப் போகுமுன் வால்வை இரண்டு தரம் பார்க்கிறேன். முன்பு நீங்கள் ஒரு தரம், நான் ஒரு தரம்.

இன்று குழாய் மாற்ற வந்தவரிடம் அடையாள அட்டை கேட்டுப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன். நம்மிடம் அட்டை கேட்ட காலம் போய், நான் அட்டை கேட்கும் காலமும் வந்துவிட்டது பாருங்கள். வேலை முடிந்ததும் அவரும் கேட்டார், "வீட்டில எத்தினை பேர் அன்ரி?"

"ரெண்டு பேர்" என்று வாய் சொல்லிவிட்டது.

"அப்ப மற்றவரையும் கூப்பிடுங்கோ. மூடக் காட்டிப்போட்டுப் போறன்."

அவர் காத்து நின்றார்.

"அக்கா பாத்ரூமில. நான் காட்டிவிடுறன்" என்றேன்.

இந்தமுறை நம்பிவிட்டார்.