அடுத்த பத்திக்குப் போன ஏழாம் தந்தை

கோக்-ஜார்,
செப்டம்பர் 9

தம்பி துர்துபெக்குக்கு அண்ணன் காசிமாலி எழுதுவது.

உடம்பு நலமா, வீட்டில் எல்லோரும் நலமா, கால்நடைகள் நலமா? த்யூமென் நகரத்தில் எட்டாவது மாடியில் குடியிருப்பவனுக்குக் கால்நடை ஏது என்று எனக்கும் தெரியும். கேட்கிற முறை அது, அதனால் கேட்கிறேன். இங்கே பசு கன்று போட்டிருக்கிறது. உன் அண்ணி புருலுக்கு முழங்கால் வலி. புல் இந்த ஆண்டு சரியாகக் காயவில்லை.

உனக்குப் பலமுறை போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் உன் மனைவிதான் எடுத்தாள், நீ வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றாள். ஒன்பது ஆண்டுகளாக ஓயாமல் வேலை பார்க்கும் மனிதனுக்குக் கடிதம்தான் எழுத முடியும். கையாலேயே எழுதுகிறேன். கையால் எழுதினால் ஒரு பெயர் வைத்த இடத்தில் இருக்கிறது.

என் பேத்தி ஐசல்கினுக்கு அக்டோபர் நான்காம் தேதி கல்யாணம். நிச்சயமாகியிருக்கிறது என்று எழுதுவதா, நிச்சயமாகியிருந்தது என்று எழுதுவதா, எனக்கே புரியவில்லை. மாப்பிள்ளை பெக்தென், கணவாய்க்கு அப்பால் கால்நடை மருத்துவனாக இருக்கிறான். நல்ல பையன். நம் பசுவுக்கு ஊசி போட வந்தவன், பசு குணமான பிறகும் மூன்று முறை வந்தான். அப்போதே புரிந்துகொண்டேன். அவனுடைய பெரியப்பா ஒரோசாகுன்தான் அந்த வீட்டுக்குப் பெரியவர்.

அழைப்பைப் போனில் அனுப்பிவிடலாம் என்று ஐசல்கின் சொன்னாள். போனில் வருவதை விரலால் தள்ளிவிட்டு மறந்துபோவார்கள் என்று சொன்னேன். மலையேற வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஒருமுறை நான் வேலை பார்த்த வானிலை நிலையத்தில் ஒரு மடிப்புத் தாளை விட்டுப்போனார்கள். ஒரே தாள்தான். மூன்றாக மடித்தால் உள்ளும் புறமுமாக ஆறு பகுதி. அதேபோல ஒன்று நானே செய்வதென்று முடிவு செய்தேன். முன்னால் மணமக்கள் பெயர், பின்னால் வழி காட்டும் வரைபடம், உள்ளே இரு வீட்டிலும் தந்தை, தந்தையின் தந்தை என்று மேலே போகும் ஏழு தந்தையர் பெயர்கள். நாரின் நகரத்தில் கடைக்காரர்களே செய்துகொடுப்பார்களாம். எனக்கு யாரும் செய்துகொடுக்க வேண்டாம். நிலையத்துக் கணினியை யார் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? முப்பத்திரண்டு ஆண்டு பனியின் ஆழத்தை எழுதியவன், ஒரு தாளை மடிக்க மாட்டேனா?

மடிக்கலாம். ஆனால் எதை எங்கே எழுதுவது என்பதுதான் குழப்பம். வீட்டு மடிக்கணினித் திரையில் தாளைக் குறுக்காகப் போட்டு, செய்தித்தாள் போல மூன்று பத்தியாகப் பிரித்தேன். முன்பக்கம் முதலில்தானே வரும் என்று இடது ஓரப் பத்தியில் மணமக்கள் பெயரை எழுதினேன். மடித்துப் பார்த்தால் அது உள்ளே போய் ஒளிந்துகொண்டது. முன்பக்கம் வலது ஓரத்தில் வர வேண்டுமாம், பின்பக்கம் நடுவிலாம். ஒரு தாளை மடித்து, ஒவ்வொரு பகுதியிலும் பென்சிலால் எண் போட்டு விரித்தேன். ஐந்து, ஆறு, ஒன்று என்று இருந்தது. இப்படி எண்ணுகிற மனிதனை நான் பார்த்ததில்லை. புருல் எட்டிப் பார்த்து, "எழுபத்தொரு வயசுல காகிதம் மடிக்கப் படிக்கிறாரு. அடுத்த வருஷம் கப்பல் செய்வாரு போல" என்றாள். நான்கு நாள் ஆனது. செய்துமுடித்தேன்.

இனி சொல்வதைக் கவனமாகப் படி. உள்பக்கத்தில் முதல் பத்தி நம்முடையது, நடுப்பத்தி அவர்களுடையது. நம் பெயர்களைப் பிள்ளைகள் ஒப்பிக்கும் வரிசையில் எழுதினேன். முதலில் ஐசல்கினின் தந்தை, மறைந்த என் தலந்த். பிறகு நான். பிறகு நம் அப்பா. அப்படியே மேலே போய், கடைசி வரியில் ஏழாம் தந்தை எசென்குல். ஒரோசாகுன் அனுப்பிய பட்டியலோ மூத்தவரில் தொடங்கிக் கீழே இறங்கியது. அடுத்த வீட்டு முன்னோரைத் தலைகீழாக்க நான் யார்? வந்தபடியே தட்டினேன். அவர்கள் வீட்டுத் தலைப்பை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு நடுப்பத்தியின் உச்சியில் நகராமல் நிறுத்திவைத்தேன்.

நாரினுக்குப் பிரிண்ட் எடுக்கப் போனபோது புருலும் வந்தாள். "எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, கிழவங்க எப்படிப் படிப்பாங்க?" என்று கடையில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். பன்னிரண்டாக இருந்த எழுத்தளவைப் பதினான்காக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது. இருபுறமும் அச்சாகி வந்த முதல் தாளில் உள்பக்கம் தலைகீழாக இருந்தது. குறுகிய ஓரத்தில் திருப்ப வேண்டும் என்றாள் கடைக்காரி. நீண்ட ஓரம் என்றேன் நான். நான் சொன்னதும் சரிதான், அந்த இயந்திரத்தின் வழக்கம் வேறு. பிறகு அறுபது தாளையும் ஒவ்வொன்றாகப் பிரித்து, தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. பெயர்களைப் படிக்கவில்லை. என் பெயரையும் என் தந்தையின் பெயரையும் நான் எதற்குப் படித்துப் பார்க்க வேண்டும்?

நிச்சயத்துக்காகப் பெண்ணுக்குத் தோடு போட மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளில் ஆடு அறுத்தோம். ஒரோசாகுனின் தங்கை ஐசல்கின் காதில் தோடு போட்டாள். எல்லோரும் வாழ்த்தினார்கள். பிறகு நான் மடிப்புத் தாளைக் கொடுத்தேன். ஒரோசாகுன் கண்ணாடி போட்டுப் படித்தார். மறுபடி படித்தார். கையில் இருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

எழுத்து பெரிதானதும் நம் பத்தியில் இடம் போதவில்லை. கடைசி வரியில் இருந்த எசென்குல் அடுத்த பத்தியின் உச்சிக்குப் போய்விட்டார். பெட்டிக்குள் இருந்த தலைப்பு அசையவில்லை. அவர் அதன் கீழே, அவர்களுடைய பட்டியலுக்கு மேலே, அவர்கள் மூத்தவருக்கும் தந்தையாகப் போய் உட்கார்ந்துவிட்டார். எசென்குல் யார் வீட்டுத் தந்தை என்பது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். ஏழு தலைமுறைக்குள் இரு வீட்டுக்கும் ஒரே தந்தை வந்தால் பெண் கொடுக்கவும் முடியாது எடுக்கவும் முடியாது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இடத்திலேயே சொன்னேன், இது இயந்திரத்தின் வேலை என்று. ஒரோசாகுன் மிகுந்த மரியாதையோடு, "பெரியவரே, நீங்க யாரு? ஊர் ஊரா விருந்துல உக்காந்து எல்லார் வம்சத்தையும் திருத்தினவரு. எங்க அப்பாவோட சாவு விருந்துல, எங்க பாட்டனாரையே திருத்தினீங்க. நீங்க போய் இதுல தப்பு செய்வீங்களா? வாயால சொல்ல மனசு வராம காகிதத்துல சொல்லிட்டீங்க. புரிஞ்சுகிட்டோம்" என்றார். கறியைத் தொடாமல் எழுந்துபோனார்கள். மரியாதை கொடுத்தே என்னை அடித்தார்கள் தம்பி.

எழுத்தைச் சிறிதாக்கி வேறு அறுபது தாள் அடித்து அனுப்பினேன். முதலில் எழுதியதுதான் உண்மை, பிந்தியது கல்யாணத்துக்காக மாற்றியது என்று பேச்சு வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கணவாயைத் தாண்டி அவர்கள் வீட்டுக்கே போனேன். அவர்கள் கண் முன்னால் எழுத்தைப் பெரிதாக்கினேன், எசென்குல் தாவினார். சிறிதாக்கினேன், வீட்டுக்குத் திரும்பினார். எத்தனை தெளிவு! ஒரோசாகுனின் தங்கை, "ஆத்தாடி, ஒரு விரலால முன்னோரையே இடம் மாத்துறாரு. அப்போ இவரு இதுவரைக்கும் சொன்னதுல எத்தனைய மாத்தினாரோ" என்றாள். போகாமலே இருந்திருக்கலாம்.

இப்போது நம் பக்கத்து வீட்டுக் கிதிராலிக்கும் நினைவு வந்துவிட்டது. பெரும்பனி விழுந்த ஓர் ஆண்டில் எசென்குல் ஒரு பிள்ளையைக் கணவாய்க்கு அப்பால் வளர்க்கக் கொடுத்தார் என்று அவனுடைய அப்பா சொல்வாராம். "இத்தனை நாளா ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். "நீ எழுதின பெறகுதான்ணே ஞாபகம் வந்துச்சு" என்கிறான். ஒருவர், எசென்குல் நமக்கு ஏழாவது ஆனாலும் அவர்களுக்கு எட்டாவது, அதனால் கல்யாணம் செய்யலாம் என்கிறார். இன்னொருவர், ஒரு பக்கம் ஏழுக்குள் வந்தாலே கூடாது என்கிறார். எண்ணுவதைத் தன்னிலிருந்து தொடங்குவதா தந்தையிலிருந்தா என்று மூன்றாமவர் கேட்கிறார். பால் கறக்கும்போது ஏழு பெயரையும் சொல்லிப் பார்க்கிறேன். ஏழாவதில் வந்ததும் நின்றுவிடுகிறேன். அந்தப் பிள்ளை உண்மையிலேயே இருந்திருந்தால்? நான் எழுதிய பொய்யை நானே நம்பத் தொடங்கிவிட்டேனா, அல்லது பொய் என்று நினைத்தது மெய்யா? அப்பா அப்படி ஏதாவது உன்னிடம் சொன்னாரா? என்னிடம் சொன்னதில்லை. எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்திருந்தது என்று நான் இதுவரை எண்ணிப் பார்த்ததுமில்லை.

ஐசல்கின் தோட்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்கவும் இல்லை, போட்டுக்கொள்ளவும் இல்லை. என்னைத் திட்டினால் பதில் சொல்லலாம். அவள் திட்டவில்லை. நான்கு நாளுக்கு முன்பு மட்டும், "தாத்தா, நீங்க தப்பு பண்ணிட்டீங்கன்னு சொன்னா போதும். மெஷின் மேல பழி போடாதீங்க. மெஷினை யாரும் கல்யாணம் பண்ணிக்கப் போறதில்ல" என்றாள். பெக்தென் வெளியில் வண்டியில் உட்கார்ந்திருந்தான். உள்ளே வரவில்லை. அவனுடைய பெரியப்பா சரி என்று சொல்லாமல் வர மாட்டான். அந்த மரியாதை பிடித்துத்தான் நான் அவனைத் தேர்ந்தேன்.

முந்தாநாள் மறுபடி ஒரோசாகுனிடம் போனேன். தனியாகத்தான் போனேன், கணினி கொண்டுபோகவில்லை. தவறு என்னுடையது, நான் படித்துப் பார்க்கவில்லை என்று சொன்னேன். ஆமாம், சொன்னேன். அவர் தாடியைத் தடவியபடி, "சம்பந்தி, பிள்ளைங்க மேல எனக்கும் பாசம் உண்டு. நம்பணும்னுதான் ஆசை. ஆனா நீங்க தப்பு செஞ்சு இந்த மலையில யாரும் பார்த்ததில்லையே. பார்த்தவங்க ஒருத்தர் இருந்தா கூட்டிட்டு வாங்க. அவர் வாயால கேட்டா, அன்னைக்கே தேதிய உறுதி பண்ணிடுறேன்" என்றார்.

வழி முழுதும் யோசித்தேன். ஒருவன்தான் இருக்கிறான்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய குளிர்காலத்தில், பனிப்புயலில் ஆட்டுத் தொழுவம் திறந்து கிடந்து ஆடுகள் பள்ளத்தில் விழுந்து செத்தனவே, அதற்கு நீதான் காரணம் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னேன். நீ இல்லையென்று சொன்னாய், நான் உன்னைப் பேசவிடவில்லை. அந்த வசந்தத்தில் நீ ஊரை விட்டுப் போனாய். நீ தொழுவத்துக்குப் போனது காலையில். மதியம், பனி அளக்கும் கோலை எடுக்க ஒருவன் உள்ளே போனான். கோல் நீளமானது, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், தாழ்ப்பாளைப் பிறகு வந்து போடலாம் என்று நினைத்தான். அந்தக் கோல் யாரிடம் இருந்தது என்பது உனக்குத் தெரியும்.

ஆகவே நீ வர வேண்டும். ஒரோசாகுன் வீட்டுக்கு நாம் இருவரும் போவோம். நீ அந்தக் கதையைச் சொல். உனக்குப் பிடித்தபடி, உனக்குப் பிடித்த வார்த்தைகளில், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன். புருலை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன், வாயைத் திறந்தால் அவள் பார்த்துக்கொள்வாள்.

ஒன்று மட்டும். செத்த ஆடுகள் பதினேழு. நீ அங்கே நம் ஊர்க்காரர்களிடம் இருபது என்று சொல்லிவருவதாகக் கேள்வி. எண்ணியவன் நான், பள்ளத்தில் இறங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன், பதினேழுதான்.

சரி. இருபது என்றே சொல். நான் தலையாட்டுகிறேன்.

உன் பயணம் நலமாக, பாதை வெண்மையாக இருக்கட்டும், நீ வரும் வரை கணவாயில் பனி விழாமல் இருக்கட்டும்.

உன் அண்ணன்,
காசிமாலி