அப்பாவின் வலது கையும் ஜீப்பின் ஸ்டியரிங்கும்

கரடியூர்,
18-2-1998

அன்பு மகன் அங்கப்பனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், கறவை மாடும் சுகம், நீ இந்தூரில் போர்வெல் வண்டிப் புழுதிக்கு நடுவே வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று பதில் வந்தால்தான் எனக்கு நிம்மதி. அப்பாவுக்குப் பேய் பிடித்துவிட்டதாக யாரோ சொல்லி நீ லீவு கேட்டு நிற்கிறாயாமே. பேய் இல்லை கண்ணு, வலிப்பு. பேயாக இருந்தால் உன் அப்பாவோடு இரண்டு நாள் குடித்தனம் செய்துவிட்டுத் தானாகவே ஓடியிருக்கும். நடந்ததை முழுக்க எழுதுகிறேன், படித்துவிட்டுப் பிறகு பயப்படு.

ஐப்பசியில் ஒரு காலை, நாகலூரில் லூர்துராஜ் டீக்கடையில் இருந்தோம். அப்பாவின் வலது கை தன்பாட்டுக்கு வெட்டி வெட்டி இழுத்தது. எதிரே நின்ற, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் தன்னைக் கூப்பிடுவதாக நினைத்து, "ஏனுங்க, கூப்பிட்டீங்களா?" என்று மரியாதையாகப் பக்கத்தில் வந்துவிட்டார். அதற்குள் இழுப்பு தோளுக்கு ஏறி, வாய் கோணி, உடம்பெல்லாம் உதறி, மனிதர் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தார். ஆளுக்கொரு இரும்பைக் கொண்டுவந்து கையில் திணித்தார்கள். அவர் கண் விழித்தபோது கையில் கடைச் சாவி, கோயில் சாவி, பஸ் டிரைவர் கொடுத்த ஸ்பேனர் எல்லாம் இருந்தன. முழித்து முழித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ற டீ எங்க?"

சேலத்தில் டாக்டரம்மா தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். மூளையில் ஓடும் கரண்ட் ஒரு ஓரத்தில் மட்டும் தாறுமாறாகப் போனால் கையோ காலோ இழுக்குமாம், நினைவுகூட இருக்குமாம். அது மூளை முழுக்கப் பரவினால்தான் ஆள் விழுவது. சில பிள்ளைகள் விழவே மாட்டார்கள், கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தபடி நிற்பார்கள், அதுவும் ஒரு வகை வலிப்பு என்றார். எனக்கு நம் வெள்ளையம்மாளின் பெண் ஞாபகம் வந்தது, பகல் கனவு காண்கிறாள் என்று டீச்சரிடம் தினமும் திட்டு வாங்குவாளே, அவளேதான். ஊருக்கு வந்ததும் சொன்னேன், ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், இப்போது அவளும் மாத்திரை சாப்பிடுகிறாள், திட்டு நின்றுவிட்டது. தலையில் அடிபட்டால் வரலாம், மூளைக்காய்ச்சலால் வரலாம், பலருக்குக் காரணமே தெரியாதாம். அப்பாவுக்கு நாடாப்புழு முட்டை வயிற்றுக்குள் போய், மூளையில் சின்னக் கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் பன்னிக்கறி தொட்டதே இல்லீங்க!" என்றார். "கழுவாத கையிலயும் காயிலயும் அந்த முட்டை வருங்க" என்றார் டாக்டரம்மா. தோட்டத்து முள்ளங்கியைப் பிடுங்கி வேட்டியில் துடைத்துக் கடிக்கும் மனிதரை நான் பார்த்தேன், அவர் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

புழுவுக்கான மருந்தும் வீக்கத்துக்கான மருந்தும் ஆஸ்பத்திரியில் வைத்தே கொடுத்தார்கள். வலிப்பு மாத்திரை காலையும் மாலையும், அவர்கள் சொல்லாமல் நிறுத்தக் கூடாது, அவர்கள் சொல்லும்வரை நம் ஜீப்பை ஓட்டவே கூடாது என்றார்கள். உன் அப்பா கேட்பாரா? கொஞ்ச நாள் வலிப்பு வரவில்லை என்றதும் உடம்பு தேறிவிட்டது என்று என்னிடம் சொல்லாமல் மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு நாள் காலையில் மிளகு மூட்டையோடு சந்தைக்கு ஜீப்பைக் கிளப்பினார், தடுத்தும் கேட்காததால் நானும் ஏறிக்கொண்டேன். கொட்டச்சேடு வளைவில், "ஏம்புள்ள, கை இழுக்குது" என்றார். கண்ணு, அந்தப் பக்கம் பள்ளம். நான் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் திருப்பி ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், ஜீப் மண்ணில் உரசி நின்றது. டாக்டரம்மா சொன்னபடி சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்தி, வாயில் எதையும் திணிக்காமல், இழுப்பு அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்தேன். தெளிந்ததும் அவர் அழுதார். "உன்னயும் சேத்துக் கொண்டு போயிருப்பனே புள்ள" என்றார். எனக்கும் அழுகைதான். ஆனால் இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தால் மிளகு எப்படிச் சந்தைக்குப் போகும்? "இனிமே டாக்டரம்மா சொல்ற வரைக்கும் நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க, நான் இந்தப் பக்கம்" என்றேன்.

சிரிக்காதே சாமி. நாகலூர் எஸ்டேட்டில் காபி காயப்போடும் களத்தில் அப்பாதான் கற்றுக்கொடுத்தார். கிளட்சை விடு என்றால் பிரேக்கை விடுவேன், அவர் போட்ட சத்தத்தில் களத்தில் இருந்த கோழிகள் எல்லாம் ஓடிவிட்டன. வேலி கொஞ்சம் சாய்ந்தது, நானே நட்டுக் கொடுத்துவிட்டேன். லைசன்ஸும் வாங்கிவிட்டேன், போட்டோவில் திருடி மாதிரி இருக்கிறேன். போன வாரம் ஏற்காடு டவுனுக்கு மிளகு ஏற்றிப் போனோம். வழியெல்லாம் அப்பா தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். மண்டிக்காரர், "ஏனுங்க மாதையா, ஊட்டுக்காரம்மாவ ஓட்ட உட்டுட்டு நீங்க சும்மா வர்றீங்க?" என்று சிரித்தார். இத்தனை நாள் மயக்கம், பித்தம் என்று மழுப்பியவர், பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கும்படி, "எனக்கு வலிப்புங்க, மாத்திரை சாப்புடறன். இவங்க நொம்ப நல்லா ஓட்டறாங்க, உங்களுக்கும் ஏதாச்சும் ஏத்தணும்னா சொல்லுங்க" என்றார். திரும்பி வரும்போது எனக்கு வாடகை மூட்டை இரண்டு கிடைத்திருந்தது.

அதனால் லீவு போட வேண்டாம், பொங்கலுக்கு வராத லீவைச் சேர்த்து சித்திரையில் வா, சேலம் ஸ்டேஷனுக்கு நானே ஜீப் கொண்டுவருகிறேன். உன் கூட வேலை செய்யும் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவியைத் தேடாதே, ஒருக்களித்துப் படுக்க வை, ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கு. கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடு. சேர்வராயன் சாமி உன்னை நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வைத்திருக்கட்டும்.

உன் அம்மா,
மா. கண்ணம்மாள், டிரைவர்