கஞ்சி மதி

14-6-94, செவ்வாய்

இவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தாச்சு. தனுவச்சபுரம் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், பஸ்ஸிலேயே நெஞ்சுவலி. கர்த்தர் காத்தார்.

ராத்திரி என்ன சாப்பாடு என்று டாக்டர் கேட்டார். இவருக்கு ஒரு பெருமை. "கடையில பொரோட்டா, இறைச்சி. வீட்டுல வந்து மூணு கிண்ணம் கஞ்சியாக்கும் சாரே!"

டாக்டர் முகம் சுளித்தார். "இனி ராத்திரி கஞ்ஞி மதி, கேட்டோ."

மலையாளத்தில் மதி என்றால் போதும், நிறுத்து. பொரோட்டாவைச் சொல்லவே வேண்டாம். இன்று முதல் இரண்டும் கிடையாது. உப்பில்லாத கோதுமை தோசை.

22-6-94

இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்துவிட்டார். "எட்டீ புஷ்பம், ஒரு அகப்பை கஞ்சி தாயேன்."

"சாவப் போறீங்களா?" என்றேன். மகள் லிஷா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் என்ன ராட்சசியா? பயம். வேறென்ன?

2-7-94

இன்றும் தோசை அப்படியே தட்டில்.

9-7-94, சனி

சந்தைக்குப் போனபோது டீக்கடை செல்லையன் கூப்பிட்டுச் சொன்னார். "சாருக்கு இப்பம் நல்ல பசியாக்கும். டெய்லி நாலு பொரோட்டாவும் இறைச்சியும்."

நடுரோட்டில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சீ!

வீட்டுக்கு வந்து கத்தினேன். "பட்டினி போட்டா மனுசன் என்ன செய்வான்? எனக்க வீட்டுலயே நான் கள்ளன்" என்றார். அதோடு பேச்சு நின்றது.

11-7-94

காலையில் மறுபடி வலி. ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார்.

ராத்திரி கஞ்சிதானே கொடுக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். நீங்கள்தானே மதி என்று நிறுத்தச் சொன்னீர்கள் என்றேன்.

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நிறுத்தான் அல்லம்மா! வேறொண்ணும் வேண்டா, கஞ்ஞி மாத்ரம் மதி. ஒரு கிண்ணம். கொறச்சு பயறு, ஒரு கஷணம் மீன்."

ஐயோ. கஞ்சி மட்டும் போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்பில் மலையாளத்துக்கு எழுபத்தெட்டு மார்க் வாங்கினவள் நான். இவருக்குப் பிடித்ததெல்லாம் விஷம் என்று நானே முடிவுகட்டிவிட்டுத்தான் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். கொன்றிருப்பேனே. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

17-7-94

கோயில் ஆராதனையில் பாட்டு வாயில் வரவில்லை.

24-7-94, ஞாயிறு

இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சம்பா அரிசிக் கஞ்சி, சிறுபயறு, காஞ்சிரங்குளத்து மீன்காரி கொடுத்த அயிலையில் ஆளுக்கு ஒரு துண்டு, கொஞ்சம் தேங்காய் அரைத்த சம்மந்தி. எனக்கும் லிஷாவுக்கும் அதேதான், அதே அளவுதான். மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.

இவர் ஊதி ஊதிக் குடித்தார். மீன் முள்ளைக்கூட விடவில்லை. இன்னொரு கிண்ணம் கேட்டால் என்ன செய்வேன்? கேட்டால் ஊற்றிவிடுவேன் என்றுதான் பயம்.

கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "மதி."

"எந்த மதி?" என்று கேட்டேன்.

"வயிறு நெறஞ்ச மதியாக்கும், எட்டீ."

பதினைந்து நாளுக்குப் பிறகு என்னை எட்டீ என்றார். பாத்திரம் கழுவும்போது அழுதேன்.